டொக்கண்ணனும் அவர் வீட்டுக் காளானும்

இது நெசமா நடந்த கதை. ஒரு எழுத்துகூட பொய் கெடையாது. மர மில்லுல ரம்பத்துக்கு கரண்ட் இல்ல, வர்ற வரைக்கும் சும்மாத்தானே உக்காந்திருக்கப் போறீங்க, அந்தக் கட்டை மேல நல்லா நகந்து உக்காருங்க. லாரி டிரைவரே, உங்க மச்சானுக்கும் கொஞ்சம் எடம் விடுங்க. கிளீனரா இருந்தா நின்னுக்கிட்டே கேக்கணும்னு சட்டமா என்ன?

ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்துச்சு. நாப்பது பேர் கை கோத்து நின்னாலும் அதைக் கட்டிப்பிடிக்க முடியாது. சரி சரி, மொறைக்காதீங்க. நாலு பேர். நாலும் கொஞ்சம் கை நீளமான ஆளுங்க. கதையில ஆளைக் கூட்டுவேன், மரத்தைக் கொஞ்சம் தடிக்க வைப்பேன், அது என் வாயோட கோளாறு. ஆனா டொக்கண்ணன் பட்ட வெக்கம் இருக்கே, அதுல மட்டும் நான் கை வைக்கல. சொல்லப்போனா அதைக் கொறச்சுத்தான் சொல்லப்போறேன்.

டொக்கண்ணன் மரம் தட்டுறவர். ஒரு பெரிய மரம் இருக்கு, வெட்டணுமா விட்டுடலாமா, உள்ள கெட்டியா இருக்கா, அரிச்சுப்போய் பொந்தா இருக்கான்னு பாக்க அவரைத்தான் கூப்புடுவாங்க. மரச்சுத்தியலை எடுத்துக்கிட்டு மரத்தைச் சுத்தி டொக், டொக்னு தட்டுவாரு. காதை மரத்தோட ஒட்டி வெப்பாரு. கெட்டிக் கட்டைன்னா சத்தம் அங்கேயே நின்னுரும். பொந்துன்னா பானைக்குள்ள தட்டின மாதிரி உள்ள ஓடி ஒரு சுத்து சுத்திட்டு வெளிய வரும். கண்ணை மூடிக்கிட்டு, ஏதோ மரம் அவர்கிட்ட மட்டும் குடும்ப ரகசியம் சொல்ற மாதிரி நிப்பாரு. அப்புறம் தலையாட்டுவாரு. அந்தத் தலை மேலுங்கீழும் ஆடினா மரம் பொழைக்கும், பக்கவாட்டுல ஆடினா ரம்பம் ஏறும். இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு மரம்கூட அவர் சொன்னதுக்கு மாறா இருந்ததில்ல.

ஆனா அந்த இருபத்தஞ்சு வருஷமும் மெஷின் ரம்பத்துக்குப் பக்கத்துலயே நின்ன காதாச்சே அது. மொதல்ல இடது காது லீவு போட்டுச்சு. வலது காது கொஞ்ச நாள் தனியா கடை நடத்திப் பாத்துச்சு, அப்புறம் அதுவும் ஷட்டரை இறக்கிருச்சு. எதிர்ல நின்னு வாயைத் தொறந்து பேசினா உதட்டைப் பாத்து புடிச்சுக்குவாரு. முதுகுக்குப் பின்னால வெடி வெச்சாலும் தெரியாது.

இது ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு இருந்தாரு. ஏன்னா மரம் தட்டுறவனுக்குக் காது போனா, தையக்காரனுக்குக் கை போன மாதிரிதானே. அவரு சம்சாரத்துக்குக்கூட சொல்லல. அந்தம்மா கூப்புடுறப்ப திரும்பலைன்னா, "கல்யாணமான நாள்லேருந்து நான் பேசினது எது உங்க காதுல ஏறிச்சு"ன்னு திட்டிட்டுப் போயிரும். புருஷனா இருக்குறதுல இது ஒரு வசதி பாருங்க. செவிடாப் போனாக்கூட வீட்டுல வித்தியாசம் தெரியாது.

சரி, காது போன பிறகு மூணு வருஷமா எப்படித் தட்டினாரு? அங்கதான் வர்றாரு மச்சான்.

சம்சாரத்தோட கூடப்பொறந்த தம்பி. ஒரு அச்சாபீஸ்ல இருந்தான், அதை மூடிட்டாங்க. பத்து நாள் இருந்துட்டுப் போறேன்க்கான்னு ஒரு பையோட வந்தான். அந்தப் பத்து நாள் ஏழு வருஷமா ஓடிட்டிருந்துச்சு. மாடிப்படிக்குக் கீழ துடைப்பம், பழைய பேப்பர் வெக்கிற எடத்துல ஒரு கட்டிலைப் போட்டுக்கிட்டான். ஆளு அஞ்சடி எட்டங்குலம், கட்டில் அஞ்சடி. காலு படிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். டொக்கண்ணன் காலையில எறங்கி வர்றப்ப அந்தக் காலைத் தாண்டித்தான் வருவாரு. "மாப்ள, ரோட்டுக்குக் குறுக்க மரம் விழுந்து கெடக்கே, எடுக்க ஆளு வரச் சொல்லட்டா?"ன்னு தெனமும் அதே ஜோக்கு. அவனும் தெனமும் சிரிப்பான்.

சும்மாவும் இருக்க மாட்டான். குழாய் ஒழுகினா அவன்தான், மிக்ஸி நின்னா அவன்தான், அக்காவுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுக்குறதும் அவன்தான். டொக்கண்ணன் வேலைக்குப் போறப்ப ஏணியைத் தூக்கிட்டுக் கூடப் போவான். மரத்துக்கு அந்தாண்ட ஏணியைப் புடிச்சுக்கிட்டு நிப்பான்.

காது போன புதுசுல ஒரு நாள் டொக்கண்ணன் ஒரு மரத்தைத் தட்டினாரு. ஒண்ணும் கேக்கல. என்ன பண்றதுன்னு தெரியாம மறுபடி தட்டினாரு. அப்பத்தான் எதேச்சையா மச்சான் மூஞ்சியைப் பாத்தாரு. அந்த மூஞ்சி, புளிச்ச மோரைக் குடிச்ச மாதிரி சுளிச்சுச்சு. கொஞ்சம் தள்ளித் தட்டினாரு, மூஞ்சி சாதாரணமாச்சு. திரும்ப மொத எடத்துல தட்டினாரு, மறுபடி புளிச்ச மோர். அடடே, பொந்துச் சத்தம் இவனுக்குப் புடிக்கலடான்னு புரிஞ்சுக்கிட்டாரு. தலையைப் பக்கவாட்டுல ஆட்டினாரு. வெட்டிப் பாத்தா உள்ள பொந்து.

அன்னையிலேருந்து மச்சான் மூஞ்சிதான் அவருக்குக் காது. கண்ணை மூடிக் கேக்குற ஆளு, அரைக்கண்ணைத் தொறந்து கேக்க ஆரம்பிச்சாரு. பாவம், இந்த மக்குப் பயலுக்கு ஒண்ணுமே தெரியாது, மூஞ்சியைச் சும்மா தொறந்து போட்டு வெச்சிருக்கான், நாம படிச்சுக்குறோம்னு உள்ளுக்குள்ள ஒரே பெருமை வேற. அவன் காய்ச்சல்ல படுத்த அன்னைக்கு மட்டும் இவருக்கும் தலைவலி வந்துரும், வேலைக்குப் போக மாட்டாரு.

இப்படி நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியை அவரே கவுத்தாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சொந்தக்காரங்க பத்து பேர் சாப்பிட வந்திருந்தாங்க. அவங்கள்ல ஒரு பெரியம்மா, தம்பி இன்னும் இங்கதான் இருக்கானான்னு கேட்டாங்க. கேட்டது சாதாரணமாத்தான். ஆனா பத்து பேர் உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா டொக்கண்ணனுக்கு நாக்கு அரிக்கும். எழுந்தே நின்னுட்டாரு. தூங்குமூஞ்சி மரம் பாத்திருக்கீங்களா, அதுல ஒட்டிக்கிட்டு வெள்ளையா, விசிறி மாதிரி சின்னச் சின்னதா ஒரு காளான் மொளைக்குமே அது பாத்திருக்கீங்களான்னு ஆரம்பிச்சாரு. மரத்துக்கு வேர் இருக்கு, தானா மண்ணுல தண்ணி தேடிக்கும், வெயிலைத் தின்னு வளரும். காளானுக்கு வேரும் கெடையாது, எலையும் கெடையாது, இன்னொருத்தன் சமைச்சு வெச்சதைத் தின்னும். மரம் வளந்து நாலு பேருக்கு நெழல் குடுக்கும். காளானோட நெழல்ல ஒரு எறும்பு நின்னா அதுக்குப் பாதி ஒடம்பு வெயில்ல இருக்கும். சாயங்காலமானா, மழை மூட்டம் போட்டா, மரம் மரியாதையா எலையை மூடிக்கிட்டுத் தூங்கிரும். இந்தக் காளான் இருக்கே, வெயில் நாளெல்லாம் சுருண்டு செத்த மாதிரி கெடந்துட்டு, மழை வந்த ஒடனே முழிச்சு வாயைத் தொறந்துக்கும், சோறு வந்துருச்சு டோய்னு.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கடைசியா சொன்னாரு: "இந்த வீட்டுல மரம் நான். மாடிப்படிக்குக் கீழ மொளைச்சிருக்கே, அது காளான்."

மச்சான் அப்ப ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டிருந்தான். கரண்டியை அப்படியே பாத்திரத்துல வெச்சுட்டான். போட்ட சோறு வரைக்கும் ஒரு பருக்கை விடாம சாப்பிட்டான். தட்டைக் கழுவி வெச்சான். மறுநாள் காலையில டொக்கண்ணன் எறங்கி வர்றப்ப, பழக்கத்துல காலைத் தூக்கி எட்டி வெச்சாரு. தாண்டுறதுக்கு அங்க கால் இல்ல. கட்டில் மேல போர்வை மடிச்சு வெச்சிருந்துச்சு.

அன்னையிலேருந்து சம்சாரம் அவர்கூடப் பேசுறதை நிறுத்திருச்சு. அவருக்குத்தான் ஏற்கனவே ஒண்ணும் கேக்காதே, அந்தத் தண்டனை பாதி வீணாப்போச்சு. ஆனா தட்டை வெக்கிற விதம் தெரியுமில்ல. மேசையே ஆடும்.

நாலு நாள் கழிச்சு அந்த ஆஸ்பத்திரியிலேருந்து ஆளு வந்தாங்க. வாசல் தூங்குமூஞ்சி மரத்துல ஒரு கிளை காஞ்சுபோச்சு, மேனேஜருக்குப் பயமா இருக்கு, வெட்டணுமான்னு வந்து பாருங்கன்னாங்க. ஒரு தலைவலியைச் சொல்லியிருக்கலாம். ஆனா ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட தலைவலின்னா வாங்க மாத்திரை தர்றோம்னு கூட்டிட்டுப் போயிருவாங்களே. சுத்தியலை எடுத்துக்கிட்டுத் தனியாப் போனாரு.

அந்த மரத்தடியிலதான் சீட்டு வாங்கினவங்க எல்லாரும் உக்காந்திருப்பாங்க. சுத்தி சிமெண்ட் பெஞ்சு போட்டிருந்துச்சு. பெரிய நர்ஸம்மா வெளிய வந்து அவர் எதிர்ல நின்னு, உள்ள எடம் கெடையாது, இந்த நெழல்தான் எங்களுக்கு இன்னொரு வார்டு, பாத்துச் சொல்லுங்கண்ணேன்னு சொன்னாங்க. அது அவருக்கு நல்லாப் புரிஞ்சுது. அதுதான் அப்புறமும் அவரை விடாம அரிச்சுது.

தட்டினாரு. ஒண்ணும் கேக்கல. காதை ஒட்டி வெச்சுத் தட்டினாரு. அவரு நெஞ்சு அடிச்சுக்கிறது மட்டும்தான் தெரிஞ்சுது. மூணு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கண்ணு தானாப் போயி மரத்துக்கு அந்தாண்ட ஒரு மூஞ்சியைத் தேடுச்சு. அந்தாண்ட பெஞ்சுல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. கன்னம் ஒரு பக்கம் பன்னு மாதிரி வீங்கி, அதுல கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு. டொக்னு தட்டினாரு. அந்த மூஞ்சி சுளிச்சுச்சு. இன்னொரு டொக். இன்னும் நல்லா சுளிச்சுச்சு. கெழக்குப் பக்கம், மேக்குப் பக்கம், எங்க தட்டினாலும் அந்த மூஞ்சி புளிச்ச மோரை வாளியோட குடிச்ச மாதிரி ஆச்சு.

அந்தாளு பல்லு புடுங்க வந்தவரு. சுத்தியல் சத்தம் ஒவ்வொண்ணும் அவர் கடவாப்பல்லுல போய் எறங்கிருக்கு.

டொக்கண்ணனுக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தேகம் இருந்துச்சு. மேல காஞ்ச கிளையில அந்த வெள்ளைக் காளான் வரிசையா இருந்துச்சு. அது செத்த கட்டையில வர்ற காளான், உசுரோட இருக்குற மரத்தை ஒண்ணும் பண்ணாதுன்னு அவருக்கு வேலைக்கு வந்த மொத வருஷத்துலேருந்து தெரியும். வேரோரமா கெட்டியா, பலகை மாதிரி வர்ற இன்னொரு காளான்தான் ஆபத்து, அது அங்க இல்லவே இல்ல. ஆனா அந்த மூஞ்சியை நம்பினாரு. மேனேஜர் அண்ணாந்து பாத்து, காளான் வேற இருக்கே, உள்ள எல்லாம் தின்னுருக்குமான்னு கேட்டாரு. கேக்குறாருன்னு உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டு, டொக்கண்ணன் தலையைப் பக்கவாட்டுல ஆட்டி, "ஒட்டுண்ணி சார். ஒட்டினா விடுமா"ன்னாரு.

மறுநாள் ரம்பம் ஏறுச்சு. பெரிய மரம், சாயங்காலம் ஆயிருச்சு. கடைசியா அடிக்கட்டை தெரிஞ்சப்ப அவரு குனிஞ்சு பாத்தாரு. உள்ள ஒரு ஊசி எறங்குற அளவுக்குக்கூடப் பொந்து இல்ல. நல்ல பழுப்பு நெறத்துல, ஈரமா, வட்டத்துக்குள்ள வட்டமா, அப்பத்தான் அறுத்த கட்டை மினுமினுன்னு இருந்துச்சு. இன்னும் அறுபது வருஷம் நின்னிருக்கும். அறுநூறுன்னு சொல்லத்தான் எனக்கு வாய் வருது, ஆனா அறுபதுதான்.

ரம்பத்துக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. தள்ளிப்போய் ஓரமா நின்ன சீட்டுக்காரங்க எல்லாம் வந்து வெயில்ல நின்னு கட்டையைப் பாத்தாங்க. அப்ப அவரு முதுகுக்குப் பின்னாலேருந்து நர்ஸம்மா கேட்டாங்க. "பொந்து எங்கண்ணே?"

அவருக்குக் கேக்கல. மறுபடி கேட்டாங்க, கேக்கல. மூணாந்தடவை எதிர்ல வந்து நின்னு, கண்ணு கலங்கிப்போய் கேட்டாங்க. எதிர்வெயில்ல உதடு சரியாத் தெரியல. கேக்காதப்ப எல்லாம் இவரு என்ன பண்ணுவாரு? சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவாரு. அன்னைக்கும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு.

சுத்தி நின்னவங்க மூஞ்சி மாறினதைப் பாத்த பிறகுதான் என்ன கேட்டிருப்பாங்கன்னு அவருக்கு உறைச்சுது. சிரிப்பை உள்ள இழுத்துக்கவும் முடியல, வெளிய விடவும் முடியல. காதுமடல் ரெண்டும் அடுப்புல வெச்ச மாதிரி கொதிச்சுது. கேக்காத காதுக்கு வெக்கம் மட்டும் எப்படித் தெரியுதுன்னு அவரே நெனச்சாராம். கீழ விழுந்து கெடந்த காஞ்ச கிளையிலேருந்து காளான் ஒட்டின ஒரு துண்டை எதுக்குன்னே தெரியாம ஒடைச்சுச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு, யாரையும் பாக்காம வெளிய வந்துட்டாரு. சுத்தியலை அங்கேயே விட்டுட்டாரு.

அன்னைக்கு வீட்டுல மேசை ஆடிச்சு, அவரு சாப்புடல. மறுநாள் காலையில சம்சாரத்துக்கிட்ட போயி, தம்பி எங்க இருக்கான்னு கேட்டாரு. அந்தம்மா பதில் சொல்லாம ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் குடுத்துச்சு.

ஒரு துணி தேய்க்கிற கடைக்கு மேல சின்ன ரூம்பு. மச்சான் பனியனோட உக்காந்து சட்டைக்குப் பித்தான் தைச்சுக்கிட்டிருந்தான். இவரைப் பாத்து எழுந்து ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டான். தண்ணி மோந்து வெச்சான். டொக்கண்ணன் உக்காந்து, சட்டைப்பையிலேருந்து அந்தத் துண்டை எடுத்து மேசை மேல வெச்சாரு. காளான் எல்லாம் காஞ்சு சுருண்டுபோயிருந்துச்சு. பல்லுவலிக்காரர் கதையை ஒண்ணுவிடாம சொன்னாரு. மச்சான் சிரிக்கல. அப்புறம் சொன்னாரு.

"மாப்ள, எனக்குக் காது கேக்காது."

"தெரியும் மாமா."

"எப்பலேருந்து?"

"நீங்க மொத தடவை என் மூஞ்சியைப் பாத்தீங்களே, அன்னையிலேருந்து. மரச் சத்தத்துக்கு யாராவது மூஞ்சியைச் சுளிப்பாங்களா, உங்களுக்குத் தெரியணும்னுதான் சுளிச்சேன். சுளிச்சு சுளிச்சு எனக்குத் தாடையே வலிக்கும். வீட்டுக்கு வந்து வெந்நீர் ஒத்தடம் குடுத்திருக்கேன்."

டொக்கண்ணன் தலையைக் குனிஞ்சாரு. மேசையில இருந்த ஆணியை எண்ணினாரு. அஞ்சு ஆணி. திரும்பவும் எண்ணினாரு. அவனை மக்குன்னு நெனச்சு மூணு வருஷம் உள்ளுக்குள்ள சிரிச்சதெல்லாம் ஒவ்வொண்ணா வந்து எதிர்ல நின்னுச்சு.

மச்சான் அந்தக் காளான் துண்டைத் தம்ளருக்குள்ள ஒரு முக்கு முக்கி எடுத்து வெச்சான். "காளான்னு சொன்னீங்களே, அதுக்குக் கோவமில்ல மாமா. சரியாத்தான் சொன்னீங்க. செத்த எடத்துலதானே ஒட்டிக்கிட்டிருந்தேன்"ன்னு தன் காதைத் தொட்டுக் காமிச்சான்.

பின்ன ஏன் போனன்னு இவரு கேட்டாரு.

"தெனமும் என் மூஞ்சியை உத்து உத்துப் பாப்பீங்க. அன்னைக்கு அவ்வளவு பேச்சு பேசினீங்க, ஒரு தடவைகூட என் மூஞ்சியைப் பாக்கல."

முக்கி எடுத்த ஈரத்துல சுருண்டிருந்த காளானெல்லாம் ஒண்ணொண்ணா விரிஞ்சு, குட்டி விசிறி மாதிரி நின்னுச்சு. அஞ்சு நிமிஷத்துல விரிஞ்சதுன்னு சொன்னா நல்லாருக்கும். சரியாச் சொல்லணும்னா மணிக்கணக்கு ஆச்சு. அவ்வளவு நேரமும் உக்காந்துதான் இருந்தாங்க.

கடைசியா டொக்கண்ணன், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லணும், நீ கூட வர்றியான்னு கேட்டாரு. வர்றேன், ஏணி தூக்குறதுக்கு ஒண்ணும் இல்லையே, சும்மா கை வீசிட்டு வர்றேன்னான்.

மறுநாள் போனாங்க. மரம் இருந்த எடத்துல பளீர்னு வெயில். சீட்டு வாங்கினவங்க குடையும் துண்டும் போட்டுக்கிட்டு அதே பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. வேற எங்க உக்காருவாங்க? ஒரு கெழவர் செருப்பைத் தலைக்குப் புடிச்சிருந்தாரு. மேனேஜரும் நர்ஸம்மாவும் வாசப்படியில நின்னாங்க. டொக்கண்ணன் அடிக்கட்டைக்குப் பக்கத்துல போய் நின்னாரு. அது மேல ஏறல, ஏற மனசு வரல.

"எனக்கு மூணு வருஷமா காது கேக்காது. மரம் நல்ல மரம். பல்லுவலிக்காரர் ஒருத்தர் மூஞ்சியைப் பாத்து வெட்டச் சொல்லிட்டேன். காளான் மேல பழி போட்டேன். அது செத்த கிளையைத்தான் தின்னுக்கிட்டிருந்துச்சு, எனக்குத் தெரியும். தப்பு என்னோடது."

இவ்வளவுதான் சொன்னாரு. இனிமே மரம் தட்ட மாட்டேன்னும் சொன்னாரு. அப்ப அந்தக் கூட்டத்துக்குள்ளேருந்து யாரோ என்னமோ சொன்னாங்க. ஒரு பத்துப் பேர் திரும்பிப் பாத்தாங்க. அவருக்கு யார் பேசினாங்க, என்ன சொன்னாங்கன்னு தெரியல. திட்டினாங்களா, பரவாயில்ல போங்கண்ணேன்னாங்களா? பழக்கம்தானே, கண்ணு ஓடிப்போயி மச்சான் மூஞ்சியைத் தேடுச்சு. அதைப் பாத்தா தெரிஞ்சுரும்.

மச்சான் மூஞ்சியைச் செவுத்துப் பக்கமா திருப்பிக்கிட்டான்.

திரும்பவே இல்ல. டொக்கண்ணன் அந்த வெயில்ல, அந்தக் கட்டைக்குப் பக்கத்துல, அவன் பின்னந்தலையையே பாத்துக்கிட்டு நின்னாரு.

அவ்வளவுதான். என்னய்யா மொறைக்கிறீங்க? என்ன சொன்னாங்கன்னு எனக்கும் தெரியாது.

நான் கதையை முடிச்சதும் மொதல்ல வாயைத் தொறந்தது லாரி டிரைவர்தான். கதையில வந்த மச்சான் செஞ்சது அநியாயம், நம்பிக் கூட்டிட்டு வந்தவரை நடுவெயில்ல விட்டுட்டான், ஏழு வருஷம் சோறு போட்டதுக்கு இதான் மரியாதையான்னாரு. ரம்பத்துக்காரர், இல்லப்பா, அழுதிருப்பான், அதான் காட்டலைன்னு குறுக்க விழுந்தாரு. இல்ல, அவங்க திட்டினதை இவருக்குத் தெரிய விடக்கூடாதுன்னு திருப்பிக்கிட்டான்னு இன்னொருத்தர். தப்பெல்லாம் பல்லுவலிக்காரன் மேலதான்னு ஒரு பெருசு கட்டையிலேருந்தே எழுந்துருச்சு.

கட்டை நுனியில ஒட்டி உக்காந்திருந்த கிளீனர், துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்தான்.

"சோறு போட்டாராம்ல சோறு. மச்சான், இந்தப் பதினோரு வருஷத்துல லாரியை நீங்க ரிவர்ஸ் எடுத்த அன்னைக்கெல்லாம் பின்னாடி நின்னு கத்தினது யாரு? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் மூஞ்சியைத் திருப்பிக்கவா?"

"என்னடா சொன்ன?"ன்னு டிரைவர் எழுந்தாரு.

கரண்ட் வந்து ரம்பம் சுத்த ஆரம்பிச்சது ஒருத்தருக்கும் கேக்கல.